தமிழ் மெய்ப்புத் திருத்தத்திற்கு எந்த மானிட்டர்? 27 அங்குலத் திரையில் எழுத்து மங்குகிறது

மெய்ப்புமேசை (தஞ்சாவூர்):

வணக்கம். நான் வீட்டிலிருந்தே தமிழ் நூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். நாள்தோறும் எட்டு மணி நேரம் திரைமுன் இருக்கும் வேலை. பழைய 19 அங்குலச் சதுரத் திரை பழுதாகிவிட்டதால், கடைக்காரர் சொன்னபடி 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். திரை பெரிதானால் எழுத்தும் தெளியும் என்று நம்பியது பொய்த்துவிட்டது. 11 புள்ளி எழுத்தில் 'வாரி' என்பதையும், ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டுத் தட்டச்சு செய்த 'வாாி' என்பதையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. மாலைக்குள் கண் எரிகிறது. கணினி எட்டு ஆண்டு பழையது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், 25,000 ரூபாய்க்குள் டெல், எல்ஜி, பென்கியூ, சாம்சங் இவற்றில் எதை வாங்கலாம்? பெயருக்காக ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பது தகுமா?

வடம்பார்த்தவன்:

ஐயா, புதிதாக வாங்குவதற்கு முன் மானிட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். செருகியிருப்பது இருபுறமும் திருகு கொண்ட நீல முனையா? அப்படியானால் அது விஜிஏ வடம். படம் அனலாக் குறியாகச் சென்று திரும்ப எண்ணாக மாறும்போது எழுத்தின் விளிம்பு கரையும். படத்தை எண்ணாகவே அனுப்பும் எச்டிஎம்ஐ வடத்திற்கு மாறி, விண்டோஸில் தெளிவுத்திறன் ஃபுல் எச்டிக்குரிய 1920 × 1080 என்றே இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் கிளியர்டைப் அமைப்பையும் ஒருமுறை சரிசெய்யுங்கள்.

மெய்ப்புமேசை:

நீல முனைதான் ஐயா. பழைய திரையின் வடத்தையே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எச்டிஎம்ஐக்கு மாற்றியதில் எழுத்தைச் சுற்றியிருந்த நிழல் போய்விட்டது. ஆனால் எழுத்து இன்னமும் சொரசொரப்பாகவே இருக்கிறது; ரகரத்தின் கீழ்வால் ஒரு கறையைப் போலத்தான் தெரிகிறது.

புள்ளிக்கணக்கு:

எஞ்சியிருப்பது வடத்தின் குற்றமன்று; கணக்கின் குற்றம். 27 அங்குலத்தில் 1920 × 1080 என்றால் ஓர் அங்குலத்திற்கு 82 பிக்செல் (திரைப்புள்ளி) தான் வரும். உங்கள் பழைய சதுரத் திரை வழக்கமான 1280 × 1024 ஆக இருந்திருந்தால் அதில் 86 இருந்திருக்கும். ஆக, பணம் கொடுத்துப் பழையதைவிடக் கரடான திரையை வாங்கியிருக்கிறீர்கள். அதே ஃபுல் எச்டி 24 அங்குலத்தில் ஏறத்தாழ 92. 27 அங்குலத்தில் கியூஎச்டி எனப்படும் 2560 × 1440 என்றால் 109. 4கே (3840 × 2160) என்றால் 163. ஆங்கில எழுத்துக்கு 92 போதுமென்று பலர் சொல்வார்கள். ணகரத்தின் சுழிகளையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் எண்ணிப் பார்க்க வேண்டிய நமக்கு 109க்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து.

4கே இன்னும் நன்று. 150 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் 11 புள்ளி எழுத்துக்கு 15க்குப் பதிலாக 22 பிக்செல் உயரம் கிடைக்கும். ஆனால் எட்டு ஆண்டு பழைய கணினியின் எச்டிஎம்ஐ பெரும்பாலும் 1.4 பதிப்பாக இருக்கும். அதில் 4கே நொடிக்கு 30 படம்தான் ஓடும், சுட்டி இழுபடும். கணினியில் டிஸ்பிளே போர்ட் என்ற வேறு செருகுவாய் இல்லையென்றால் கியூஎச்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பெயரைப் பொறுத்தவரை, உள்ளே படம் காட்டும் தகடான பேனலைச் செய்பவர்கள் எல்ஜி டிஸ்பிளே, பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ் போன்ற சிலரே. வெளியே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் பேனல் பெரும்பாலும் இவர்களில் ஒருவருடையதாகவே இருக்கும். எனவே பெயரைப் பார்ப்பதற்கு முன் பேனல் வகை விஏவா, ஐபிஎஸ்ஸா என்று பாருங்கள். விஏ பேனலின் ஒளிமாறுபாடு (வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளி விகிதம்) 3000:1 அளவில் இருப்பதால் திரைப்படத்திற்கு அழகு. ஆனால் அருகில் உட்கார்ந்து படிக்கும்போது ஓரங்களில் நிறம் மாறும். ஐபிஎஸ்ஸில் அது 1000:1 அளவுதான் என்றாலும் ஓரமும் நடுவும் ஒன்றுபோல் இருக்கும். உங்கள் வேலைக்கு ஐபிஎஸ். எச்டிஆர் 400 (கூடுதல் ஒளி வீச்சு), 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) என்ற ஒட்டுவில்லைகளுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மலைக்கோட்டை வாசி:

பேனல் ஒன்றுதான் என்பதை ஏற்கிறேன். அதனால் பெயர் பொருட்டன்று என்பதை ஏற்க மாட்டேன். கூடுதல் ஐயாயிரம் தாங்குகாலுக்கும் பழுதுக்காலச் சேவைக்கும் போகிறது. விலை குறைந்தவற்றில் திரையை முன்பின் சாய்க்கத்தான் முடியும். உயர்த்த முடியாததால் கழுத்துவலி வந்து, அடியில் தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கியவன் நான். டெல்லின் பி, அல்ட்ராஷார்ப் வரிசைகளிலும் பென்கியூவின் பிஎல் வரிசையிலும் பெரும்பாலும் உயர்த்தி இறக்கும் கால் உண்டு. எல்ஜி, சாம்சங்கில் மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் பார்த்து வாங்குங்கள். நான் முன்பு வாங்கிய, பெயர் சொல்ல விரும்பாத ஒரு மலிவுத் திரை இரண்டாம் ஆண்டில் பழுதானபோது, அதை நானே சென்னைக்குச் சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, உங்கள் ஊருக்கு வந்து மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள்.

கண் எரிச்சலைப் பற்றி ஒன்று: கடையில் திரையின் வெளிச்சத்தை 20 விழுக்காட்டுக்குக் குறைத்து, கைப்பேசிக் கேமராவை வெள்ளைத் திரைக்கு நேரே பிடியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் பின்விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கலாம். முழு வெளிச்சத்தில் இது தெரியாது.

மெய்ப்புமேசை:

இருவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை வேலையாகச் சென்னை சென்றபோது, திருத்திக்கொண்டிருக்கும் நூலின் பத்துப் பக்கங்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடைக்காரர்தான் முகம் சுளிக்காமல் திறந்து காட்டினார். கேமராவில் பட்டை எதுவும் ஓடவில்லை. டெல் பி வரிசையில் 27 அங்குலக் கியூஎச்டி ஐபிஎஸ் ஒன்றை வாங்கினேன். பட்ஜெட்டில் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. ரகரத்தின் வால் இப்போது தனிக்கோடாகத் தெரிகிறது. நான் முன்பே பார்த்து முடித்து அனுப்பவிருந்த அதிகாரத்தில் மூன்று 'ாி' அகப்பட்டன.

பழைய 27 அங்குலத்தைச் செங்குத்தாகத் திருப்பிப் பக்க அமைப்பு பார்க்கப் பயன்படுத்தலாமா?

புள்ளிக்கணக்கு:

பக்க அமைப்புக்குப் பயன்படும். ஆனால் அதில் எழுத்துத் திருத்த வேண்டாம். திருப்பினால் பிக்செலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளும் படுத்துவிடும் என்பதால், அக்கோடுகளைக் கொண்டு எழுத்தைச் செதுக்கும் கிளியர்டைப் அங்கே உதவாது. பின்புறத்தில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், ஒரு மானிட்டர் ஆர்ம் (திரையைத் தாங்கும் மடக்குக் கை) வாங்கி மேசையில் மாட்டிவிடுங்கள்.