கோ ஆட்டத்தின் 'கோ'வுக்கு 'ஊழி'

குறுக்கே பத்தொன்பதும் நெடுக்கே பத்தொன்பதுமாக ஓடும் கோடுகள் சந்திக்கும் 361 புள்ளிகளில், கறுப்புக் காய்களையும் வெள்ளைக் காய்களையும் இருவர் மாறி மாறி வைத்து ஆடும் ஆட்டத்தை, ஜப்பானியப் பெயரை ஒட்டி நாம் 'கோ' என்று எழுதி வருகிறோம். அந்த ஆட்டத்தின் மிக நுட்பமான விதி ஒன்றுக்கும் ஜப்பானியர் இதற்கு நெருங்கிய ஒலியுள்ள பெயரையே வைத்திருக்கிறார்கள். முன்னதில் ககரம் மெலிந்தும் பின்னதில் வலிந்தும் ஒலிப்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் 'கோ'வாகிவிடுகின்றன. 'கோவில் கோ நேரும்போது' என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? ஆகவே விதிக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விதியை விளக்குவதற்கு முன்னால் இன்னொரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காயை ஒட்டிக் கோட்டின் வழியே காலியாக இருக்கும் புள்ளியை ஆங்கில வழி வந்தவர்கள் 'சுதந்திரம்' என்று பெயர்க்கிறார்கள். ஆட்டம் பிறந்த சீனத்தில் அதன் பெயர் மூச்சு என்றே பொருள்படும். நடுப்பலகையில் தனியாக நிற்கும் காய்க்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. எல்லா மூச்சும் அடைபட்டால் காய் பலகையை விட்டு நீங்கும். என் அண்ணன் மகளுக்கு ஒன்பது கோட்டுப் பலகையில் கற்றுக்கொடுத்தபோது, 'சுதந்திரம்' என்றதும் விழித்தவள், 'மூச்சு' என்றதும் தானே விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். ஒரே மூச்சு மிஞ்சிய நிலையை 'மூச்சுமுட்டு' எனலாம் என்பது என் கருத்து.

இப்போது விதிக்கு வருவோம். ஒரு வெள்ளைக் காயின் மூன்று பக்கமும் கறுப்பு நிற்கிறது. எஞ்சிய ஒரே மூச்சில் கறுப்பு காய் வைத்து வெள்ளையை வெட்டுகிறது. வைத்த அந்தக் கறுப்புக் காயின் மற்ற மூன்று பக்கமும் வெள்ளை சூழ்ந்திருக்க, வெட்டுண்ட காய் விட்டுச்சென்ற புள்ளியே அதற்கும் ஒரே மூச்சு. வெள்ளை உடனே திருப்பி வெட்டினால் பலகை பழைய நிலைக்கே வந்துவிடும். இருவரும் விட்டுக்கொடுக்காவிட்டால் ஆட்டம் முடியவே முடியாது. அதனால்தான் உடனே திருப்பி வெட்டக் கூடாது, முதலில் வேறிடத்தில் ஒரு காயாவது வைக்க வேண்டும் என்பது விதி. எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டிய இடமாகப் பார்த்து வைத்துவிட்டு இங்கே திரும்பி வருவதில்தான் ஆட்டக்காரரின் திறமை இருக்கிறது.

இதற்கு முன்மொழியப்பட்டவற்றுள் 'மீள்நிலைத் தடை' பொருளைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் அது சொல்லாக இல்லாமல் விளக்கமாக நீள்கிறது, அதனோடு இன்னொரு சொல் சேர்த்தால் நாவில் நிற்காது. மூலத்தைப் பார்ப்பது நல்லது. இவ்விதியைக் குறிக்கும் சீன எழுத்துக்குப் பறித்தல் என்று ஒரு பொருள் உண்டு. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் வடமொழிக் 'கல்ப'த்தை எழுதவும் அதே எழுத்தை எடுத்தாண்டார்கள். முடிவில்லாத காலம் என்ற அந்தப் பொருள் இந்த விதிக்கு எவ்வளவு பொருத்தம்! தமிழில் அது 'கற்பம்' என வழங்கினாலும், பேச்சில் கருவுற்றிருப்பதோடு மயங்கும். அதே பொருளுக்கு நம்மிடமே 'ஊழி' இருக்கிறது.

ஊழி என்றவுடன் ஊழித்தீயும் அழிவும் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானதுதான். ஆயினும் 'ஊழி ஊழி காலம்' என்று சொல்லும்போது நாம் நினைப்பது அழிவை அன்று, முடிவின்மையையே. 'ஊழி விதி', மாறி மாறி வெட்டிக்கொள்ளும் 'ஊழிப் போர்', எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டி வேறிடத்தில் வைக்கும் 'ஊழி மிரட்டல்' எனத் தொடர்களிலும் அது இயல்பாக அமைகிறது. வேறு சொல் பரிந்துரைப்பவர்கள் அதை இந்த மூன்று தொடர்களிலும் பொருத்திப் பார்த்து முன்வைக்குமாறு வேண்டுகிறேன்.