சிரிப்பாக வந்த வலிப்பு: லேசர் சிகிச்சை அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து ஒரு தாய்:

தூக்கத்தில் குழந்தை சிரித்தால் நரி விரட்டுகிறது என்போமே, என் மகளின் சிரிப்பையும் அப்படித்தான் நினைத்தேன். விழித்திருக்கும்போதும் வந்தது. விருந்தினர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்; அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. ஊரிலிருந்து வந்து தங்கிய என் மாமியார்தான் முதலில் சொன்னார்: "வாய்தான் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லையே அம்மா."

அதன்பிறகு கவனித்தோம். இருபது, முப்பது விநாடி நீடிக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். முடிந்ததும் துவண்டு மடியில் சாய்வாள். சில நாட்களில் பதினைந்து முறைகூட வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி பரிசோதனை சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். நான்கு வயதில் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் தெரிந்தது: ஹைப்போதாலமிக் ஹமார்ட்டோமா. மூளையின் அடியாழத்தில் பிறவியிலேயே உண்டாகும் கட்டி. புற்றுநோய் அல்ல, பரவாது. ஆனால் சிரிப்பாக வெளிப்படும் வலிப்பு அந்தக் கட்டிக்குள்ளேயே பிறக்கிறது. அவ்வளவு ஆழத்தில் நடப்பது தலையில் ஒட்டும் ஈஈஜி கம்பிகளுக்குப் பல நேரம் எட்டுவதில்லை. மருந்துக்கும் இது எளிதில் அடங்காது. லெவெட்டிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து கொடுத்தோம், சிரிப்பு குறையவில்லை, கோபம்தான் கூடியது. ஆக்ஸ்கார்பசெபின் என்ற இன்னொரு மருந்தாலும் பயனில்லை.

எம்ஆர்ஐயில் பார்த்தபடியே, வலிப்பை உண்டாக்கும் திசுவை லேசரால் சுட்டழிக்கும் சிகிச்சையை உலகில் முதன்முதலாகச் செய்ததாக டெக்சாஸ் சிறுவர் மருத்துவமனை 2011-இல் அறிவித்தது. டாக்டர் டேனியல் கரி தலைமையில், நாங்கள் வசிக்கும் இதே ஊரில் நடந்தது அது. எங்களுக்கு அதைப் பற்றித் தெரியவே இத்தனை காலம் ஆயிற்று.

மண்டையோட்டில் மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை. அதன் வழியே இரண்டு மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய், அதற்குள் லேசர் இழை. நுனி கருகாதபடி குழாய்க்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளுக்கு ஒருமுறை மூளைக்குள் இருக்கும் வெப்பம் திரையில் வண்ணப் படமாக வரும். அந்தக் கட்டியை ஒட்டியே பார்வை நரம்புகளும் நினைவாற்றலுக்கான பாதைகளும் இருக்கின்றன. அங்கே குறித்து வைத்த புள்ளியில் வெப்பம் எல்லையைத் தொட்டால் லேசர் தானாகவே நின்றுவிடும். இதைக் கேட்ட பிறகுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட எனக்குத் துணிவு வந்தது.

மறுநாள் மாலையே வீடு திரும்பினோம். ஒரே ஒரு தையல். வீக்கம் வடிய ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரத்தத்தில் சோடியம் அளவை அடிக்கடி பார்த்தார்கள். மூன்றாவது வாரம் சிரிப்பு திரும்பி வந்தபோது உடைந்துபோனேன். கட்டியில் ஒரு பகுதி விடுபட்டிருந்தது. எட்டு மாதம் கழித்து மறுபடியும் செய்தார்கள். அதற்குப் பின் பதினான்கு மாதமாக ஒருமுறைகூட வரவில்லை. இரண்டாவது முறை தேவைப்படலாம் என்று முன்பே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஓர் அண்ணன்:

அக்கா, என் தங்கைக்கு வலிப்பு, மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பொட்டு மடலிலிருந்து வந்தது. அதற்குள் நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பாகியிருந்தது. பத்து வருடம் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். தெருவில் விழுந்தால் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். எங்களுக்கு லேசர் வாய்க்கவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதலே இதற்குத் திறந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள், அங்கேதான் செய்தோம். இன்று அவள் தனியாக பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள்.

பொட்டு மடல் வலிப்பை அறவே நிறுத்துவதில் திறந்த அறுவை சற்று முன்னே நிற்கிறது என்றும், காயமும் மருத்துவமனை வாசமும் லேசரில் குறைவு என்றும் மருத்துவர் விளக்கினார். சரியான இரண்டு மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அறுவை சிகிச்சை மையத்துக்குப் போய்விடுங்கள். லேசர் வரட்டும் என்று காத்திருந்து பிள்ளைகளின் வருடங்களை இழக்காதீர்கள். நாங்கள் பத்தை இழந்தோம்.

ஹூஸ்டன் தாய்:

தம்பி, தங்கையை நினைத்து மனம் நிறைந்தது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஈஈஜி சரியாக இருந்தும் ஸ்கேனுக்கு அனுப்பச் செய்தவை, மாமியார் சொல்லி என் கணவர் கைப்பேசியில் எடுத்த வீடியோக்கள்தான். யாருக்காவது ஐயம் இருந்தால் சத்தத்தை மட்டும் பதிய வேண்டாம். குழந்தையின் கண் தெரியும்படி எடுங்கள்.