ஸ்குவாட் நாளுக்குப் பிறகு முழங்கை வலி. ஓய்வெடுத்தால் போகிறது, மறுபடி வருகிறது

கேட்டவர்:
வலது முழங்கையின் உட்பக்கம், விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனையை ஒட்டி வலிக்கிறது. எடை மாட்டிய நீளக் கம்பியான பார்பெல்லை (பார்) வைத்துப் பயிற்சி செய்கிறேன்: அதை முதுகில் ஏற்றி உட்கார்ந்து எழும் ஸ்குவாட், படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட், கடைசியில் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் சின்-அப். வலி கூடும்போது சில வாரங்கள் ஜிம் பக்கமே போவதில்லை, முழுதாக விட்டுவிடுகிறது. பழைய எடைக்குத் திரும்பியதும் அதே இடத்தில் பிடித்துக்கொள்கிறது. நிறைந்த குக்கரைத் தூக்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள் வீட்டில். எடைப் பயிற்சியை விட எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பயிற்சியாளர்:
தம்பி, ஸ்குவாட்டில் பாரை எங்கே வைக்கிறீர்கள்? கழுத்தடியிலா, அதற்கும் கீழே தோள்பட்டையின் பின்புறத்திலா? மணிக்கட்டு நேராக இருக்கிறதா?

கேட்டவர்:
கீழேதான் அண்ணா. மணிக்கட்டு பின்பக்கம் நன்றாகவே மடங்கியிருக்கும். ஆனால் ஸ்குவாட் காலுக்கான பயிற்சிதானே?

பயிற்சியாளர்:
இந்த வலிக்குப் பெரும்பாலும் கைப்பயிற்சிகள்மீதுதான் பழி விழும். ஸ்குவாட்டை யாரும் சந்தேகிப்பதில்லை. பாரின் எடையை முதுகு தாங்க வேண்டும். கைகள் அது நழுவாமல் அழுத்திப் பிடித்தால் போதும். மணிக்கட்டு மடங்கி, முழங்கை பாருக்கு அடியில் வந்துவிட்டால் எடையில் ஒரு பங்கு கைக்கு இறங்குகிறது. 100 கிலோ பாரில் அது சிறு பங்கானாலும் முன்கைக்குப் பெரிய சுமை. மணிக்கட்டை மடக்கும் தசைகள் ஒன்றுசேர்ந்து ஒட்டியிருப்பது நீங்கள் சொல்லும் அந்த எலும்பு முனையில்தான். அதே நாளில் உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் பிடியில் சின்-அப்பும் செய்தால் அந்த இடத்துக்கு ஓய்வே இல்லை.

பிடியை இருபுறமும் சற்று அகலமாக்குங்கள். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு பாரின் மேலேயே வையுங்கள். மணிக்கட்டும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கட்டும். தோள் இறுக்கத்தால் அது முடியாவிட்டால், கொஞ்ச நாள் பாரைக் கழுத்தடிக்கு ஏற்றிச் செய்யுங்கள். தூக்கும் எடை சற்றுக் குறையும், குறையட்டும். சின்-அப்பில் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடிக்கு மாறுங்கள்.

இயன்முறை மருத்துவர்:
மேலே சொன்னது சரியான திசை. ஓய்வு பற்றி நான் சொல்கிறேன். அது வலியை அடக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு வலுவைத் தராது. தசை சீக்கிரம் வலுவாகிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் ஈடுகொடுக்கும். அதனால்தான் பழைய எடைக்குத் திரும்பியதும் வலியும் திரும்புகிறது.

முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, லேசான டம்பெல்லை மணிக்கட்டு அசையாமல் 30 முதல் 45 விநாடி பிடியுங்கள். இடைவெளி விட்டு ஐந்து முறை. இது தாங்க ஆரம்பித்ததும், மறு கையின் உதவியால் மணிக்கட்டை மேலே மடக்கி, வலிக்கிற கையால் மட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்து மெல்ல இறக்குங்கள். பயிற்சியின்போது 10க்கு 3 அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் எடையைக் குறையுங்கள். மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது.

ஊசி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். முழங்கையின் வெளிப்பக்க வலி உள்ள 198 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் ஆறாவது வாரத்தில் முந்தியிருந்தார்கள். பலருக்கு வலி திரும்பியது. நாளடைவில் இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். உங்கள் வலி உட்பக்கம் என்றாலும் இதை மனத்தில் வையுங்கள்.

மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றனவா? சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டீர்களா? அந்த வகை ஆன்டிபயாடிக் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும்.

கேட்டவர்:
மரத்துப்போவது இல்லை, அந்த மாத்திரையும் சாப்பிடவில்லை டாக்டர். டெட்லிஃப்ட்டைத் தொடரலாமா? கனமான எடைக்கு ஒரு கையைத் திருப்பிப் பிடிக்கிறேன்.

இயன்முறை மருத்துவர்:
தொடரலாம், ஆனால் அந்தப் பிடி வேண்டாம். திருப்பிப் பிடித்த கையில் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்கத் தசை) தசைநாண் அறுந்து வருகிறவர்கள் உண்டு. இரு கைகளையும் ஒரே பக்கமாக வைத்து, மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துச் சுற்றும் ஸ்டிராப் பட்டையைக் கட்டித் தூக்குங்கள். எப்போதாவது முழங்கை மடிப்பில் சட்டென்று அறுந்தது போல் உணர்ந்து நீலம் பாய்ந்தால், அன்றே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.