ஆபரேஷன் முடிஞ்சும் ஆன்டிபயாடிக் ஓடிட்டே இருக்கு, எங்கிருந்து மாத்தறது?

வார்டு சிஸ்டர்:
எங்களுது 40 பெட் தனியார் ஆஸ்பத்திரி, ஹெர்னியா, பித்தப்பை கேஸ்தான் ஜாஸ்தி. இன்ஃபெக்‌ஷனே இல்லாதவங்களுக்கும் மூணு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி, வீட்டுக்கு போறப்ப அஞ்சு நாள் மாத்திரை, இப்படியே பழகிப்போச்சு. போன வாரம் ஹெர்னியா பண்ண ஒரு தாத்தா, தையல் சுத்தமா இருக்கு, காய்ச்சல் இல்ல, ஆனா ஊசி ஆரம்பிச்சு மூணாம் நாள் வயித்தால போக ஆரம்பிச்சு ரெண்டு நாள் கூட படுத்திருந்தாரு. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. என்னைத்தான் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோலுக்கு போட்டிருக்காங்க, பெரிய சர்ஜன்கிட்ட எப்படி பேச்ச எடுக்கறது?

டூட்டி டாக்டர்:
சிஸ்டர், "நிறுத்துங்க சார்"னு ஆரம்பிக்காதீங்க, மொதல்ல ஊசி போடற நேரத்த சரி பண்ணுங்க. கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துக்குள்ள செஃபாசோலின் (தடுப்புக்கு போடற ஆன்டிபயாடிக் ஊசி) போயிருக்கணும். எங்க இடத்துல முன்னாடி வார்டுலயே ஆறு மணிக்கு போட்டு அனுப்பிடுவாங்க, கேஸ் ஒம்போதரைக்கு, அப்ப ரத்தத்துல மருந்து குறைஞ்சிருக்கும், அந்த பயத்துலதான் பின்னாடி அஞ்சு நாள் இழுத்தாங்க. இப்ப தியேட்டர்ல மயக்க டாக்டரே போட்டு நேரம் எழுதறாரு. தடுப்புக்குன்னு போடறத ஆபரேஷனுக்கு அப்புறம் தொடர வேணாம்னு டபிள்யூஹெச்ஓ 2016லயே சொல்லிடுச்சு. கூடவே எத்தன பேருக்கு சீழ் வெச்சுதுன்னு போன் பண்ணி குறிச்சு வைங்க, 30 நாள், ஹெர்னியாக்கு மெஷ் (வலை) வெச்சிருந்தா 90 நாள். அவரோட சொந்த கேஸ் கணக்க காட்டினா கேப்பாரு.

மைக்ரோ லேப்:
எங்க பக்கத்து வேதனையும் சொல்றேன். ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற பிளட் கல்ச்சர் பாட்டில் வரும்போதே, நோயாளிக்கு ரெண்டு டோஸ் ஆன்டிபயாடிக் உள்ள போயிருக்கும், பெரியவங்களுக்கு பாட்டிலுக்கு 8-10 மில்லி வேணும், வர்றது மூணு மில்லி. ஒண்ணும் வளராது. அந்த ரிப்போர்ட்ட பாத்துட்டு நேரா மெரோபெனம்னு ரொம்ப பவரான ஆன்டிபயாடிக்குக்கு போயிடறாங்க. தயவுசெஞ்சு முதல் டோஸுக்கு முன்னாடி எடுங்க, செப்சிஸ் (இன்ஃபெக்‌ஷனால உறுப்புகளே பாதிக்கப்படற நிலை) மாதிரி அவசரம்னா கல்ச்சருக்காக மருந்த தள்ளிப்போட வேணாம்.

பார்மசி அண்ணன்:
ஆன்டிபயாடிக் எழுதினா எதுக்குன்னு காரணமும் எழுதணும்னு 2024 ஜனவரில டிஜிஹெச்எஸ்ஸே (மத்திய அரசோட சுகாதார சேவைகள் இயக்ககம்) டாக்டருங்களுக்கு லெட்டர் போட்டாங்க. மருந்து சார்ட்டுல 'எதுக்கு', 'எந்த தேதி வரைக்கும்'னு ரெண்டு கட்டம் அடிச்சு குடுங்க தங்கச்சி. தேதி காலியா இருந்தா நான் வார்டுக்கு போன் பண்ணிடுவேன், மொதல்ல திட்டினாங்க, இப்ப அவங்களே எழுதறாங்க.

வார்டு சிஸ்டர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். மூணு மில்லி விஷயம் எங்க வார்டுலயும் அப்படியேதான், இன்னிக்கு நைட் ஷிஃப்ட்லயே சொல்லிடறேன். டாக்டர், அந்த தியேட்டர் நேரம் எழுதறது மயக்க சீட்டுலயா, தனி பேப்பரா?