சிகாகோ கண்காட்சிக்கு மதுரையிலிருந்து சரக்கு: டிரேயேஜ், சிடபிள்யூடி, எம்ஹெச்ஏ எல்லாம் என்ன?

கப்பலூர்_மோல்டிங் (கேள்வி)

கப்பலூர் சிட்கோவில் ரப்பர் மோல்டிங் யூனிட். சிகாகோ மெக்கார்மிக் பிளேஸில் ஒரு தொழிற்கண்காட்சிக்கு 10க்கு 10 அடி ஸ்டால் உறுதியாகிவிட்டது. போக வேண்டிய சரக்கு: கேஸ்கெட், ஓ ரிங், புஷ் சாம்பிள் 8 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 14 கிலோ, அளவு 60 × 45 × 50 செ.மீ. குறுக்கே வெட்டிக் காட்டுகிற மோல்டு ஒன்று, 90 கிலோ. கேட்லாக்கும் சின்னச் சின்ன அன்பளிப்பும் சேர்த்து 15 கிலோ.

அவர்கள் அனுப்பிய மேனுவலில் டிரேயேஜ், சிடபிள்யூடி, அட்வான்ஸ் வேர்ஹவுஸ், டைரக்ட் டு ஷோ, டார்கெட் டேட், மார்ஷலிங் யார்டு, எம்ஹெச்ஏ என்று பக்கம் பக்கமாக வருகிறது. அகராதி அர்த்தம் வேண்டாம். எதில் காசு போகும், மதுரையிலேயே எதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எட்டுப் பெட்டியையும் தனித்தனி கூரியராக அனுப்பிவிடலாம் என்றும் இங்கே ஒரு யோசனை ஓடுகிறது.

சரக்கு_தூத்துக்குடி

அந்தக் கூரியர் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள் அண்ணே. காரணம் டிரேயேஜ்.

டிரேயேஜ் என்றால் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுக்கிற வண்டி வாடகை என்றுதான் நம் பக்கம் பழக்கம். அமெரிக்கக் கண்காட்சியில் அதற்கு அர்த்தம் வேறு. ஹாலின் இறக்குமேடைக்கு வந்த சரக்கை இறக்கி, உங்கள் ஸ்டாலில் கொண்டுவந்து வைத்து, காலிப் பெட்டியை எடுத்துப்போய் அடுக்கி, முடிந்ததும் திரும்பக் கொடுத்து, மறுபடி லாரியில் ஏற்றுகிற வரைக்குமான மொத்தக் கூலி அது. மெட்டீரியல் ஹேண்ட்லிங் என்று போட்டிருந்தாலும் இதுதான். ஏற்பாட்டாளர் அமர்த்திய ஜெனரல் கான்ட்ராக்டர்தான் இதைச் செய்வார், வேறு ஆளை வைக்க முடியாது. உங்கள் ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பிவைக்கும் ஏஜென்ட்) டோர் டெலிவரி என்று கோட் கொடுத்தாலும் அந்த டோர் இறக்குமேடையோடு முடிந்துவிடும். அங்கிருந்து ஸ்டால் வரை உள்ள சில நூறு அடிக்குத் தனி பில். கப்பல் வாடகையைவிட இது அதிகமாக வருவதும் உண்டு.

சிடபிள்யூடி என்பது அந்தக் கூலியின் அளவுகோல்: 100 பவுண்டு, அதாவது 45.36 கிலோ. எடையை அடுத்த 100 பவுண்டுக்கு ஏற்றிக் கணக்குப் போடுவார்கள். அதோடு ஒரு ஷிப்மென்டுக்குக் குறைந்தபட்சம் 200 பவுண்டு என்ற விதி பெரும்பாலான மேனுவலில் இருக்கும். உங்கள் எட்டுப் பெட்டி 112 கிலோ, 247 பவுண்டு. ஒரே ஷிப்மென்டாக வந்தால் 300 பவுண்டுக்கு பில், 3 சிடபிள்யூடி. எட்டுக் கூரியராக வெவ்வேறு நேரத்தில் வந்தால் ஒவ்வொரு பெட்டியும் 31 பவுண்டுதான் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் 200 பவுண்டு விழும். மொத்தம் 1,600 பவுண்டு, 16 சிடபிள்யூடி. ரேட் 150 டாலர் என்று வைத்துக்கொண்டால் முதலாவது 450 டாலர், இரண்டாவது 2,400 டாலர். சரக்கு ஒன்றுதான், வந்து சேர்கிற விதம்தான் வேறு.

கூரியரில் வால்யூம் வெயிட் அடியும் உண்டு, அதாவது பெட்டியின் அளவை வைத்துப் போடுகிற எடை. உங்கள் பெட்டி 1,35,000 கன செ.மீ. ஏர் கார்கோவில் 6,000ஆல் வகுத்தால் 22.5 கிலோ, கூரியர்கள் வழக்கமாக வகுக்கிற 5,000ஆல் 27 கிலோ. 14 கிலோ பெட்டிக்கு 27 கிலோ வாடகை. ஓ ரிங் பாக்கெட்டுகளுக்கு நடுவே காற்றை அடைத்து அனுப்பினால் இப்படித்தான் வரும். பெட்டி உயரத்தைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் வேர்ஹவுஸ் என்பது கான்ட்ராக்டரின் கோடவுன். கண்காட்சிக்குச் சுமார் 30 நாள் முன்பிருந்தே சரக்கு வாங்கி வைப்பார்கள். கடைசித் தேதி தாண்டினால் லேட் சார்ஜ். டைரக்ட் டு ஷோ என்றால் ஸ்டால் போடும் நாளில் நேராக ஹாலுக்குப் போவது. அதற்கு உங்கள் ஸ்டாலுக்கென்று குறித்த நாள், நேரம் இருக்கும். அதுதான் டார்கெட் டேட். ஒரு நாள் முன்னால் போனாலும் வாங்க மாட்டார்கள், தவறிப் போனால் கூடுதல் கூலி. லாரி ஹாலுக்குள் நேரே போகவும் முடியாது. மார்ஷலிங் யார்டு என்ற வெளி மைதானத்தில் பதிவு போட்டு, எடைச்சீட்டு காட்டி, கூப்பிடும் வரை நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு லாரிக்காரர் தனியாகக் கேட்பார்.

இங்கிருந்து போகிற சரக்குக்கு என் சிபாரிசு அட்வான்ஸ் வேர்ஹவுஸ்தான். ரேட் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பரவாயில்லை. தூத்துக்குடியில் ஏறும் கண்டெய்னர்களில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. சிகாகோ உள்நாட்டு ஊர், கரையில் இறங்கி ரயிலிலோ லாரியிலோ போக வேண்டும். இத்தனை கை மாறுகிற சரக்கை ஒரே ஒரு நாளின் காலை நேரத்தை நம்பி அனுப்பக் கூடாது. கடல் வழி என்றால் ஐஎஸ்எஃப் என்ற இறக்குமதி முன்தகவலைக் கப்பலில் ஏற்ற 24 மணி நேரத்துக்கு முன்பே அமெரிக்கக் கஸ்டம்ஸில் பதிய வேண்டும், தாமதமானால் அபராதம்.

முக்கியமாக ஒன்று. கண்காட்சி ஹாலோ கான்ட்ராக்டரோ உங்களுக்காக இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்டாக, அதாவது கஸ்டம்ஸில் இறக்குமதியாளராகப் பொறுப்பேற்று, நிற்க மாட்டார்கள். அங்கே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரை முன்பே பிடித்து, கிளியரன்ஸ் முடிந்த பிறகு வேர்ஹவுஸுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ரைட் கலெக்ட் (வாடகையைச் சரக்கு வாங்குபவர் தருவார்) என்று போட்டு அனுப்பினால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

மரப்பெட்டி_வில்லாபுரம்

அண்ணன் சொன்னதோடு பேக்கிங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷல் ஹேண்ட்லிங் என்று ரேட் பட்டியலில் ஒரு வரி இருக்கும். ஃபோர்க்லிஃப்டால் ஒரே தூக்கில் எடுக்க முடியாத சரக்கு, உதிரியாகக் குவித்தது, போர்வை சுற்றியது, பலருடைய சரக்கோடு கலந்து வருவது, ரசீது இல்லாதது இதெல்லாம் அதில் விழும். ரேட் கூடும். அதனால் எட்டுப் பெட்டியையும் ஒரே பேலட்டில் அடுக்கி, நாலு மூலைக்கும் அட்டைக் கோணம் வைத்து, பட்டை கட்டி, ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றுங்கள். மோல்டுக்குத் தனி மரப்பெட்டி.

மரம் என்றதும் ஐஎஸ்பிஎம் 15, மரப் பேக்கிங் வழியாகப் பூச்சி பரவாமல் தடுக்கிற சர்வதேச விதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும், அல்லது மீதைல் புரோமைடு புகை போட்டிருக்க வேண்டும். முத்திரையை நீங்களே பார்த்து வாங்குங்கள்: இடது பக்கம் கதிர் மாதிரி சின்னம், வலது பக்கம் ஐஎன் என்று தொடங்கும் எண், சூடேற்றியது என்றால் ஹெச்டி. ஒவ்வொரு பெட்டியிலும் எதிரெதிர் இரண்டு பக்கத்தில் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. ஆனால் பிளைவுட் பெட்டிக்கு அடியில் சாதா மரக்கட்டை அடித்தால் அந்தக் கட்டைக்கு முத்திரை வேண்டும். பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான். பெட்டி பிளைவுட், அடிக்கட்டை பழைய பலகை. முத்திரை இல்லாத அந்த ஒரு கட்டைக்காகச் சரக்கையே திருப்பி அனுப்பச் சொல்வார்கள்.

அடிக்கட்டை 10 செ.மீ. உயரம் இருக்கட்டும், ஃபோர்க் நுழைய. மூடிக்கு ஆணி வேண்டாம். திரும்ப மூட வேண்டிய பெட்டி, அங்கே கடப்பாரை போட்டால் பலகை பிளக்கும். ஸ்குரூவும் வாஷரும் போட்டு, எந்த பிட் வேண்டும் என்று மூடியிலேயே எழுதி, அந்த பிட்டை ஒரு கவரில் வைத்து உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மோல்டு 90 கிலோ என்பதால் அடிப்பலகையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும்; தெர்மோகோல் மட்டும் வைத்தால் முதல் குலுக்கலிலேயே நசுங்கி மோல்டு உள்ளே ஆடும். கடல் வழியென்றால் துருத் தடுப்பு எண்ணெய் பூசி, துருப் பிடிக்காமல் காக்கிற விசிஐ தாள் சுற்றி, சிலிக்கா ஜெல் பை போடுங்கள்.

லேபிள் இரண்டு பக்கத்திலும் ஒன்று: கம்பெனி பெயர், ஸ்டால் எண், கண்காட்சிப் பெயர், கான்ட்ராக்டர் கோடவுன் முகவரி, 2இல் 1 என்று எண்ணிக்கை. பழைய லேபிளை முழுசாகக் கிழித்துவிடுங்கள். பெட்டி தவறான ஊருக்குப் போவது பெரும்பாலும் அதனால்தான்.

கணக்கு_சிம்மக்கல்

காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லை. சரக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: திரும்பி வருவது, வராதது.

மோல்டு கண்டிப்பாகத் திரும்பி வரும். அதற்கு ஏடிஏ கார்னெட் எடுக்கலாம், அதாவது அங்கே இறக்குமதி வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான கஸ்டம்ஸ் ஆவணம். இந்தியாவில் கொடுப்பது ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு. ஒரு வருடம் செல்லும். ஈட்டுத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கட்ட வேண்டும். வழங்கிய பிறகு பட்டியலில் ஒரு பொருளைக்கூடச் சேர்க்க முடியாது. மஞ்சள் தாள் நம் கஸ்டம்ஸுக்கு, வெள்ளைத் தாள் அந்த நாட்டுக்கு. ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை விழுந்ததா என்று அங்கேயே நின்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது வெள்ளைத் தாளில் முத்திரை விழாவிட்டால், சரக்கு அங்கேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். கேட்லாக், அன்பளிப்பு, பிய்த்துக் கொடுக்கிற ஓ ரிங் எதையும் கார்னெட்டில் போடக் கூடாது. அவற்றுக்குத் தனி இன்வாய்ஸ், சாதாரண இறக்குமதி. விலை பூஜ்யம் என்று எழுதாதீர்கள், நியாயமான மதிப்பு போடுங்கள்.

கார்னெட் வேண்டாம் என்றால் அமெரிக்காவில் டிஐபி என்ற தற்காலிக இறக்குமதி பத்திரம் உண்டு. ஒரு வருடம், நீட்டித்தால் மொத்தம் மூன்று வருடம் வரை.

ஜிஎஸ்டி பக்கம்: 2019 ஜூலையில் வந்த 108ஆம் எண் சுற்றறிக்கைப்படி, கண்காட்சிக்கு வெளிநாடு போவது விற்பனை ஆகாது. ஜிஎஸ்டி இன்வாய்ஸ் வேண்டாம், டெலிவரி சலான் போதும். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கிற எல்யுடி என்ற உறுதிக் கடிதமும் தேவையில்லை. ஆனால் கிளம்பிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விற்கவோ திருப்பிக் கொண்டுவரவோ வேண்டும். இல்லாவிட்டால் 6 மாதம் முடிகிற நாளில் விற்றதாகக் கொண்டு இன்வாய்ஸ் போட வேண்டும். தேதியை காலண்டரில் குறித்துவிடுங்கள். கப்பலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கோ தூத்துக்குடிக்கோ போக ஈ-வே பில்லும் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால். 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கு, சென்னைக்கு 3 நாள் கிடைக்கும்.

மோல்டில் ஒரு எண்ணைப் பொறித்து, அதே எண்ணை ஷிப்பிங் பில்லிலும் (ஏற்றுமதிக்கு நம் கஸ்டம்ஸில் பதிகிற தாள்) கொண்டுவாருங்கள். திரும்பி வரும்போது போனதும் இதுதான் வந்ததும் இதுதான் என்று காட்ட அதுதான் சுலபமான வழி.

கப்பலூர்_மோல்டிங்

ரொம்ப நன்றி. கூரியர் யோசனை ரத்து. ஒரு பேலட், ஒரு மரப்பெட்டி என்று முடிவு. எம்ஹெச்ஏ மட்டும் பாக்கி. கடைசி நாள் மாலை என்ன நடக்கும்?

சரக்கு_தூத்துக்குடி

அதற்கு முன்னால் முதல் நாள். பெட்டியைப் பிரித்ததும் சர்வீஸ் கவுன்டரில் எம்ட்டி ஸ்டிக்கர் வாங்கி, ஸ்டால் எண் எழுதி, காலிப் பெட்டியிலும் பேலட்டிலும் ஒட்டுங்கள். ஒட்டாதது குப்பைக்குப் போகும். ஒட்டியதன் உள்ளே பொருள் எதையும் விட்டுவைக்காதீர்கள், காலி என்று எழுதிக் கொடுத்த பெட்டிக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிட் கவரையும் கையில் எடுத்துவிடுங்கள்.

கடைசி நாள் காலிப் பெட்டி உடனே வராது. பெரிய ஹாலில் சில மணி நேரம் ஆகும், அன்றிரவு விமானம் போடாதீர்கள். கட்டி முடித்ததும் எம்ஹெச்ஏ (மெட்டீரியல் ஹேண்ட்லிங் அக்ரிமென்ட்) என்ற தாளை நிரப்பிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும்: எத்தனை உருப்படி, எடை, எங்கே போகிறது, எந்த வண்டி. கட்டி முடிப்பதற்கு முன் கொடுக்காதீர்கள். ஃபார்வர்டரிடம் நீங்கள் பிக்கப் சொல்லியிருந்தாலும் இந்தத் தாள் இல்லாமல் சரக்கு ஸ்டாலை விட்டு நகராது. உங்கள் வண்டி குறித்த நேரத்துக்குள் பதிவு போடாவிட்டால் கான்ட்ராக்டர் தன் வண்டியில் ஏற்றிவிடுவார், வாடகை உங்கள் கணக்கில். ஃபோர்ஸ்டு ஃப்ரைட் என்பது அதுதான். தாளிலேயே ஒரு கட்டம் இருக்கும்: வண்டி வராவிட்டால் வேறு வண்டியில் அனுப்பவா, கோடவுனுக்குத் திருப்பவா என்று. கார்னெட் சரக்கு என்பதால் கோடவுனுக்கு என்று டிக் போடுங்கள். வெள்ளைத் தாளில் முத்திரை விழாமல் அது நாட்டைவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது.