கேட்ச்சுக்குள்ள என்ன எழுதணும்?

நந்தினி: பிரபு அண்ணா, பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் வச்சுப் பண்ண பதிவு ஃபார்ம்ல ஒரே இமெயில் ரெண்டாவது தடவை வந்தா வெறும் வெள்ளைப் பக்கம். எர்ரரைப் பிடிக்க ட்ரை கேட்ச் இருக்கு, ஆனா கேட்ச்சுக்குள்ள போகவே மாட்டேங்குது 😔

பிரபு: ஃபைல் தலைப்புல நேம்ஸ்பேஸ், அதாவது கிளாஸ் பேர்களுக்குக் குடும்பப்பேர் மாதிரி ஒண்ணு, இருக்கா?

நந்தினி: இருக்குண்ணா

பிரபு: அதான். பிடிஓ (பிஎச்பி டேட்டாபேஸோட பேசுற கிளாஸ்) வீசுற எர்ரரைப் பிடிக்க கேட்ச்ல வெறும் பிடிஓஎக்ஸெப்ஷன்னு எழுதினா உன் நேம்ஸ்பேஸ்க்குள்ள அந்தப் பேர்ல கிளாஸ் தேடும். நியூ பிடிஓவுக்கு பேக்ஸ்லாஷ் விட்டா "கிளாஸ் இல்ல"ன்னு அங்கயே நிக்கும். கேட்ச் அப்படிக் கத்தாது, பேசாம தாண்டிடும். முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடு.

லதா சித்தி: சர்வர்ல பிஎச்பி எந்த வெர்ஷன்னும் பாரும்மா. 8.0லேர்ந்துதான் பிடிஓ தானா எக்ஸெப்ஷன் வீசும். 7.4ல குவெரி தப்பானா ஃபால்ஸ் மட்டும் திருப்பும், அடுத்த வரில ரிசல்ட் எடுக்கிற ஃபெட்ச்லதான் வெடிக்கும். நீ தப்பான வரியைப் பாத்துட்டு உக்காந்திருப்ப. கனெக்ஷன்லயே எர்மோட் எக்ஸெப்ஷன்னு, அதாவது தப்பானா எக்ஸெப்ஷன் வீசுன்னு, எழுதி வச்சிரு.

நந்தினி: 8.2 சித்தி. பேக்ஸ்லாஷ் போட்டதும் கேட்ச் ஆயிடுச்சு 🙏 எர்ரர் கோட் தர்ற கெட்கோட்ல 23000. அப்ப டூப்ளிகேட்தானே?

பிரபு: அதை மட்டும் நம்பாத. ஃபாரின் கீ (இன்னொரு டேபிளோட வரியைக் காட்டுற இணைப்பு) இடிச்சாலும், நல் (மதிப்பே இல்லாதது) போகக்கூடாத டேபிள் நெடுவரிசைல நல் போனாலும் அதே 23000தான். எர்ரர்இன்ஃபோ அரேல இன்டெக்ஸ் 1 பாரு, மைஎஸ்க்யூஎல்லோட சொந்த நம்பர் இருக்கும். 1062 டூப்ளிகேட், 1452 ஃபாரின் கீ, 1048 நல். இன்னொண்ணு, அந்த 23000 ஸ்ட்ரிங். மூணு ஈக்வல் போட்டு நம்பரோட ஒப்பிட்டா எப்பவும் ஃபால்ஸ்.

நந்தினி: முதல்லயே அந்த இமெயில் இருக்கான்னு செலக்ட் பண்ணிப் பாத்துட்டு இன்சர்ட் பண்ணா?

லதா சித்தி: செலக்ட்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவுல இன்னொரு ரிக்வெஸ்ட் புகுந்துடும். ஒரே இமெயிலை ரெண்டு தடவை உள்ள விடாத யூனிக் இன்டெக்ஸை நம்பு. நேரா இன்சர்ட் பண்ணு, 1062 வந்தா "ஏற்கெனவே பதிவாகியிருக்கு"ன்னு சொல்லு. வேற நம்பர்னா திரும்ப த்ரோ. முழுங்கிடாத!

செந்தில் மாமா: ட்ரான்ஸாக்ஷன் (பல குவெரியை ஒண்ணாச் சேத்து ஓட்டறது) இருந்தா 1213, 1205 ரெண்டையும் தனியாப் பாருங்க. 1213 டெட்லாக், ரெண்டு ட்ரான்ஸாக்ஷன் ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு மாட்டிக்கிறது. மைஎஸ்க்யூஎல்லோட ஸ்டோரேஜ் எஞ்சின் இன்னோடிபி முழு ட்ரான்ஸாக்ஷனையும் ரோல்பேக் பண்ணிடும், அதாவது பழையபடி ஆக்கிடும், அதனால கடைசிக் குவெரியை மட்டும் திரும்ப ஓட்டினா டேட்டா அரைகுறையா நிக்கும். பிகின்லேர்ந்து ஆரம்பிக்கணும், மூணு தடவைக்கு மேல வேண்டாம், நடுவுல கொஞ்சம் ரேண்டமா காத்திருக்கணும். 1205 அப்படி இல்ல. டிஃபால்ட்ல 50 செகண்ட் லாக்குக்காகக் காத்திருந்துட்டு அந்த ஒரு குவெரி மட்டும்தான் ரோல்பேக் ஆகும், ட்ரான்ஸாக்ஷன் திறந்தே கிடக்கும். நாமதான் மூடணும்.

பிரபு: ஆமா மாமா. ரோல்பேக்குக்கு முன்னாடி, ட்ரான்ஸாக்ஷன் இன்னும் திறந்திருக்கான்னு சொல்ற இன்ட்ரான்ஸாக்ஷன் செக்கும் வேணும். நடுவுல டேபிள் அமைப்பை மாத்துற ஆல்டர் டேபிள் ஓடியிருந்தா மைஎஸ்க்யூஎல் தானாவே கமிட் பண்ணி முடிச்சிருக்கும். அப்புறம் ரோல்பேக் கூப்பிட்டா "ட்ரான்ஸாக்ஷனே இல்ல"ன்னு புது எக்ஸெப்ஷன் வரும், முதல் எர்ரர் காணாமப் போயிடும்.

நந்தினி: இப்ப கேட்ச்ல எர்ரர் விவரம் தர்ற கெட்மெசேஜை எக்கோ பண்ணி ஸ்க்ரீன்ல காட்டறேன், அது பரவாயில்லையா?

லதா சித்தி: வேண்டவே வேண்டாம்! டேபிள் பேர், இன்டெக்ஸ் பேர், அடுத்தவங்க இமெயில் எல்லாம் ஸ்க்ரீன்ல தெரியும். பிஎச்பி செட்டிங்ல டிஸ்ப்ளே எர்ரர்ஸ் ஆஃப், லாக் எர்ரர்ஸ் ஆன். லாக் ஃபைல் வெப் ஃபோல்டருக்கு வெளிய இருக்கட்டும்.