கூடாரத்திலிருந்து கேரவனுக்கு மாறுகிறோம்: இரண்டு கிளப்புகளில் எதில் சேர்வது?

நெடுவழி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் வாழும் நால்வர் கொண்ட குடும்பம். பிள்ளைகள் இருவரும் தொடக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். இதுவரை கோடை விடுமுறைகளில் கூடாரம் அடித்தே தங்கிவந்தோம். வரும் வசந்த காலத்துக்குள், காரில் பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான கேரவனைப் பழையதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். ஆனாலும் கூடாரத்தை அடியோடு விட்டுவிடப் பிள்ளைகளுக்கு மனமில்லை.

எங்கள் குழப்பம் கிளப்புகளைப் பற்றியது. கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப், கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் என்று, முகாம் தளங்களை நடத்தும், பெயரளவிலேயே தடுமாற வைக்கும் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. எழுத வசதியாக முன்னதைக் கேரவன் கிளப் என்றும் பின்னதைக் கேம்பிங் கிளப் என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டிலும் சேர்ந்தால் ஆண்டுக் கட்டணம் 100 பவுண்டைத் தாண்டிவிடுகிறது. இரண்டின் இணையதளங்களையும் பலமுறை படித்துவிட்டேன். தள்ளுபடி, காப்பீடு, மாத இதழ், பயிற்சி என்று இரண்டும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் தருகின்றன. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு எது பொருத்தம்? அல்லது எதிலும் சேராமல், உறுப்பினரல்லாதோருக்கான கூடுதல் கட்டணத்தைச் செலுத்தித் தங்கிக்கொள்வதே போதுமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

கூடாரவாசி:

வணக்கம் ஐயா. சலுகைப் பட்டியல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த இரண்டு அமைப்புகளும் யாருக்காகத் தொடங்கப்பட்டன என்பதைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். கேம்பிங் கிளப், 1901-இல் மிதிவண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. கேரவன் கிளப் 1907-இல் பிறந்தது; அன்று கேரவன் என்றால் குதிரை இழுக்கும் வண்டி. தன் பெயரில் மோட்டார்ஹோமை, அதாவது தானே ஓடும் வீட்டு வண்டியை, சேர்த்துக்கொண்டது 2017-இல்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டபோதிலும் அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றும் மறையவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காப் பகுதியில் கிண்டர் மலையடிவாரத்தில் உள்ள ஹேஃபீல்டு தளத்தில் கேம்பிங் கிளப் கூடாரங்களுக்கும் சிறு வேன்களுக்கும் இடம் தருகிறது; இழுவைக் கேரவனுக்கு அங்கே அனுமதி இல்லை. அதே பகுதியில் சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டின் பழைய மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் இருக்கும் கேரவன் கிளப்பின் தளத்திலோ கூடாரம் அடிக்க முடியாது. இரண்டுமே அழகான இடங்கள்.

கேரவன் கிளப் தளங்களில் கூடாரத்தை ஏற்பவை ஒரு பகுதி மட்டுமே. கேம்பிங் கிளப்பில் பெரும்பாலானவை ஏற்கின்றன. எனவே, பிள்ளைகளுக்காகக் கூடாரத்தையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், முதல் ஆண்டுக்குக் கேம்பிங் கிளப் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு முன், அடுத்த ஆண்டில் நீங்கள் உண்மையிலேயே போக விரும்பும் ஊர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அருகில் எந்தக் கிளப்பின் தளம் இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். நார்ஃபோக்கின் சாண்ட்ரிங்காம் போன்ற சில இடங்களில் இரண்டு கிளப்புகளுக்கும் தளங்கள் உண்டு. டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க வேண்டுமென்றால் கெஸ்விக்கில் உள்ள கேம்பிங் கிளப் தளம்தான் நினைவுக்கு வரும். நாடு முழுவதும் எத்தனை தளங்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டிலும், உங்கள் தாளில் விழும் குறிகளே விடையைச் சொல்லும்.

வயல்வரப்பு:

தம்பி, மேலே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேரவன் வாங்கப் போகிறவர் முதலில் அறிய வேண்டிய செய்தி இன்னும் சொல்லப்படவில்லை. கிளப்புகளின் பெரிய தளங்களில் பெரும்பாலானவற்றில் உறுப்பினரல்லாதவரும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கூடுதலாகச் செலுத்தித் தங்கலாம். அங்கே உறுப்பினராக இருப்பது வெறும் பணக்கணக்கு. ஆண்டுக்கு எத்தனை இரவுகள் என்று பெருக்கிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். பணம் கொடுத்தும் நுழைய முடியாத இடங்கள் வேறு உள்ளன. உறுப்பினர் அட்டையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

1960-ஆம் ஆண்டின் கேரவன் தளங்கள் சட்டம், அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு ஒரு விலக்கு அளித்திருக்கிறது. ஒரு விவசாயி தன் நிலத்தில், வழக்கமான தள உரிமம் பெறாமலேயே, அந்த அமைப்பின் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஐந்து கேரவன்கள் வரை நிறுத்த அனுமதிக்கலாம். ஆனால் வருபவர்கள் அந்த அமைப்பின் உறுப்பினர்களாகவே இருக்க வேண்டும். கேரவன் கிளப் இவற்றை சி.எல். (சான்றிதழ் பெற்ற இடம்) என்று அழைக்கிறது, நாடெங்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் இருக்கும். கேம்பிங் கிளப்பின் சி.எஸ். (சான்றிதழ் பெற்ற தளம்) எனப்படும் இதே வகைத் தளங்களும் ஆயிரத்துக்கு மேல் உண்டு. அவற்றில் ஐந்து வண்டிகளோடு, இடவசதி இருந்தால் பத்துக் கூடாரங்கள் வரையும் ஏற்றுக்கொள்வார்கள் என்பது உங்களுக்குப் பயன்படும் செய்தி.

இத்தகைய தளம் எப்படி இருக்கும் என்றால், வரவேற்பறையோ தடுப்புக் கம்பியோ இருக்காது. பண்ணை வீட்டைத் தாண்டி, ஒரு மரக்கதவை நீங்களே இறங்கித் திறந்து, வண்டியை உள்ளே விட்டபின் மறக்காமல் மூடிவிட்டு, வேலியோரமாக இடம் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு குடிநீர்க் குழாய், கழிவறைப் பெட்டியைக் காலி செய்ய ஒரு தொட்டி, குப்பை போட ஓர் இடம். இவ்வளவுதான் உறுதியாகக் கிடைக்கும். சில இடங்களில் மின் இணைப்பு இருக்கும்; குளியலறையும் கழிவறையும் இருந்தால் அது கூடுதல் வசதி. பணத்தை நிலத்துக்காரர் கையிலேயே கொடுத்துவிடலாம்; பெரும்பாலும் பெரிய தளத்தின் கோடைக்கால வாடகையில் பாதியை ஒட்டித்தான் கேட்பார்கள். காலையில் வேலிக்கு அப்பால் ஆடுகள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கும் அமைதிக்கு நான் வேறெதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில சி.எல். தளங்கள் பெரியவர்களுக்கு மட்டுமே என்று அறிவித்திருப்பார்கள். விளையாட்டுத் திடலை எங்கும் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் பிள்ளைகளை வரவேற்கும் சிறு தளங்கள் எந்தக் கிளப்பில் அதிகம் என்று பாருங்கள். வார இறுதிகளில் போய்வரப் போவது அங்கேதான். நான் கேரவன் கிளப்பில் நீடிப்பதற்கு அந்தச் சிறு தளங்களே முழுக் காரணம்.

நெடுவழி:

இருவருக்கும் மிக்க நன்றி. உறுப்பினர்களுக்கு மட்டுமே என்ற விதி கிளப்புகள் தாமே வைத்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். சட்டத்திலிருந்து வருகிறது என்பது இப்போதுதான் புரிகிறது. இன்னும் ஒன்று கேட்கலாமா? நான் இதுவரை எதையும் காரில் பூட்டி இழுத்ததில்லை. காப்பீடு, வழியில் பழுதானால் கிடைக்கும் உதவி, இழுவைப் பயிற்சி ஆகியவற்றில் எந்தக் கிளப் மேல்?

அச்சாணி:

வணக்கம் சகோதரரே. பயிற்சியில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டு கிளப்புகளுமே புதியவர்களுக்கு வகுப்பு நடத்துகின்றன. எந்தக் கிளப் என்று பாராமல், உங்களுக்கு அருகில் எது நடக்கிறதோ அதில் சேருங்கள். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் உரிமம் உள்ளவர்களும் தனித் தேர்வு எழுதாமல் 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியைக் கொண்டுசெல்லச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதி இருக்கிறது என்பதற்காகப் பயிற்சியைத் தவிர்த்துவிடாதீர்கள். குறிப்பாகப் பின்னோக்கிச் செலுத்துவது கற்றுக்கொண்டால்தான் வரும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் கேரவனின் பின்பகுதி மறுபக்கம் போகும்.

வண்டி வாங்குவதற்கு முன்பே எடையைக் கணக்கிடுங்கள். பொருள்கள் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது புதியவர்களுக்கு இரண்டு கிளப்புகளும் தரும் அறிவுரை. உங்கள் கார் 1,500 கிலோ என்றால் கேரவன் 1,275 கிலோவைத் தாண்டக் கூடாது. நால்வர் தூங்கும் பழைய கேரவன்கள் பல இதற்கு மேல் போய்விடும் என்பதால், இந்தக் கணக்கு உங்கள் தேர்வை வெகுவாகச் சுருக்கிவிடும்.

காப்பீட்டில்தான் நிதானம் தேவை. கிளப் வழியாகக் கேரவன் காப்பீடு எடுத்தால், அது தொடர நீங்கள் உறுப்பினராகத் தொடர வேண்டியிருக்கும். பிறகு கிளப் பிடிக்காமல் போனாலும் காப்பீட்டுக்காகவே புதுப்பித்துக்கொண்டிருக்கும் நிலை வரும். என் நண்பர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆகவே வெளியே உள்ள காப்பீட்டு நிறுவனங்களிடமும் விலை கேட்டு, கிளப்பின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தக் காப்பீடாக இருந்தாலும் கொக்கிப் பூட்டு, சக்கரப் பூட்டு, வண்டியை எங்கே நிறுத்தி வைக்கிறீர்கள் என்பவை பற்றிய நிபந்தனைகளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். இழப்பீடு மறுக்கப்படுவது பெரும்பாலும் அந்த வரிகளால்தான். பழுது உதவியைப் பொறுத்தவரை, இப்போது காருக்கு வைத்திருக்கும் திட்டம் கேரவனையும் சேர்த்து ஏற்றிச் செல்லுமா, எவ்வளவு நீளம் வரை என்று முதலில் கேளுங்கள். ஏற்றுக்கொள்ளும் என்றால் கிளப்பின் திட்டத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

தென்றல்:

பிள்ளைகளை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன் அண்ணா. இரண்டு கிளப்புகளிலும் வட்டார அளவில் உறுப்பினர்களே நடத்தும் கூடுகைகள் உண்டு. ஏதேனும் ஒரு வயலையோ பள்ளி மைதானத்தையோ சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து, குறைந்த கட்டணத்தில் பல குடும்பங்கள் ஒன்றாகத் தங்குவார்கள். கேம்பிங் கிளப்பில் இதை நடத்துபவை மாவட்டச் சங்கங்கள். கேரவன் கிளப்பில் சென்டர்கள். வசதி என்று பார்த்தால் குழாயும் கழிவுத் தொட்டியும் மட்டுமே. ஆனால் மற்ற குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பார்கள், பந்து விளையாட இடம் இருக்கும், இழுவையில் புதியவர் என்று தெரிந்தால் கேட்காமலேயே நான்கு பேர் உதவிக்கு வந்து நிற்பார்கள். எங்கள் பிள்ளைகள் பெரிய தளங்களின் விளையாட்டுத் திடலைவிட இந்தக் கூடுகைகளையே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கேம்பிங் கிளப்பில் இதற்கு மேலும் ஒரு வசதி உண்டு. படகு, மலையேற்றம், முதுகுப்பையோடு நடந்து முகாமிடுதல் என்று ஆர்வத்துக்கேற்ற தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பதின்வயதினருக்கு முகாமிடும் பயிற்சி அளிக்கும் இளையோர் பிரிவும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குக் கூடாரத்தின் மீது இவ்வளவு விருப்பம் என்றால், இன்னும் சில ஆண்டுகளில் அது பயன்படும்.

எனவே முதல் ஆண்டு கேம்பிங் கிளப் என்று கூடாரவாசி சொன்னதையே நானும் சொல்வேன். கேரவன் கிளப்பின் பெரிய தளம் ஒன்றுக்குப் போக ஆசைப்பட்டால் அந்த ஒரு முறை கூடுதல் கட்டணம் செலுத்திக்கொள்ளுங்கள். வயல்வரப்பு ஐயா சொன்ன சிறு தளங்களைத் தேடும் பழக்கம் வந்து, கூடாரம் பரணுக்குப் போன பிறகு கேரவன் கிளப்பைப் பற்றி யோசிக்கலாம். சேரும்போது நேரடிப் பற்று (வங்கிக் கணக்கிலிருந்து கிளப்பே பணத்தை எடுத்துக்கொள்ளும்) முறையில் பணம் கட்டினால் ஆண்டு முடிவில் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பதால், புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு மாதம் முன்பாக நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.